பேர்போன சமையல்காரரைப் படமெடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது கமரா பிடிக்கத் தெரியாத இளம்பிள்ளையைக் காண்பது அரிது. கல்முனையில் ஒரு கொத்துக் கடை, காத்தான்குடியில் ஒரு கல்யாணச் சமையல், அறுகம்பேயில் வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் விடுதியின் குசினி, எங்கே போனாலும் யாராவது ஒருவர் ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அதில் கொஞ்சப் பேருக்கு, சாப்பிட்டுக் காட்டுவதோடு நின்றுவிடாமல் பேர்போன சமையல்காரர் ஒருவரைப் பற்றி முழு ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசை. இந்தக் கிழக்குக் கரையின் சாப்பாட்டை இங்கே பிறந்தவர்களே எடுக்கவேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறவன் நான். ஆனால் அவர்கள் வெட்டி ஒட்டி, 'பார்த்துச் சொல்லுங்க அண்ணன்' என்று அனுப்பும் படங்களில் பாதிக்குமேல் ஒரே அச்சில் வார்த்தவை. அந்த அச்சு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான்: ஜப்பானியச் சுஷிச் சமையல்காரர் ஜிரோ ஓனோவைப் பற்றி டேவிட் கெல்ப் 2011இல் எடுத்த 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' என்ற ஆவணப்படம், அதற்குப் பிறகு அவரே உருவாக்கி 2015இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'செஃப்ஸ் டேபிள்' தொடர்.

அந்தப் படங்களைக் குறைசொல்ல வரவில்லை. சமையலை ஒரு கலையாக மதித்து, காசும் நேரமும் செலவழித்து எடுத்த படங்கள். ஆனால் அவற்றைப் பார்த்து அப்படியே எடுக்கப் போனால், அவற்றில் இருக்கிற ஓட்டைகளும் சேர்ந்து உங்கள் படத்துக்குள் வந்துவிடும், அதுவும் நம் ஊரில் இன்னும் பெரிதாக.

முதல் ஓட்டை, எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ததாகக் காட்டுவது. ஜிரோ ஓனோவின் கடை டோக்கியோவில் கின்சா நிலத்தடி ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது, பத்தே இருக்கை, ரெஸ்டோரன்ட்களுக்குத் தரம் போடும் மிச்செலின் கையேட்டின் மூன்று நட்சத்திரம் வாங்கியது. படம் முழுக்க 85 வயதுக் கிழவரின் முகத்தையும் கையையும்தான் பார்க்கிறோம். ஆனால் படம் முடியப்போகிற நேரத்தில் ஒரு செய்தி வருகிறது. மிச்செலின்காரர்கள் வந்து சாப்பிட்டபோது அவர்களுக்குச் சுஷி பிடித்துக் கொடுத்தது ஜிரோ இல்லை, மூத்த மகன் யோஷிகாசு. அந்த ஒரு வரியைக் கேட்டபிறகு படத்தை முதலிலிருந்து பார்த்தால் வேறு படமாகத் தெரியும், ஏனென்றால் சந்தைக்குப் போய் மீன் பார்த்து வாங்குகிறவர் யார், சோற்றை விசிறி ஆற்றுகிறவர் யார், கணவாயின் உறவான அந்த ஒக்டோபஸை முக்கால் மணிநேரம் கையால் பிசைகிறவர் யார் என்று அப்போதுதான் தேடத் தோன்றும். 'செஃப்ஸ் டேபிளின்' முதல் பாகமும் இப்படித்தான். இத்தாலியில் மொதெனா நகரத்து மாசிமோ பொத்துராவின் பேர்பெற்ற எலுமிச்சை டார்ட், அவரோடு வேலை செய்த தகாஹிகோ கொண்டோ என்ற ஜப்பானியர் கைதவறிப் போட்டுடைத்ததிலிருந்து பிறந்தது. உடைந்ததை அழகாகப் பார்த்தது பொத்துராவின் கண் என்பது உண்மைதான். ஆனால் அந்த டார்ட்டைச் சுட்ட கை கொண்டோவுடையது, அவருக்கு அந்தப் படத்தில் கிடைப்பது சில நிமிடம்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில் எந்த ஊர் முஸ்லிம் கல்யாண வீட்டுக்கும் முதல்நாள் இரவே போய் இருந்து பாருங்கள். வளவுக்குள் கிடாரங்கள் கவிழ்ந்து கிடக்கும். ஒரு பக்கம் பாய் போட்டு உட்கார்ந்து பெண்கள் வெங்காயமும் உள்ளியும் உரிப்பார்கள், இன்னொரு பக்கம் தேங்காய் துருவும் சத்தம் விடியும்வரை நிற்காது. பேர்போன சமையல்காரர் இன்னும் வந்திருக்கமாட்டார். அவர் வந்து இறைச்சிக்குச் சரக்கு அளந்து போடும்போதுதான் வீடியோக்காரர்கள் எழும்புவார்கள். ஆனால் சோறு உதிரியாக வருவதும் அடிப்பிடிப்பதும் அடுப்போடு நிற்கிற இன்னொருவரின் கையில் இருக்கிறது. அவர் கிடாரத்துக்குள் எட்டிப் பார்ப்பதே குறைவு. கொதிக்கும் சத்தம் தளதள என்றிருந்தது மெல்லக் கனத்து, விட்டு விட்டு வரத் தொடங்கியதும், யாரையும் கேட்காமல் கொள்ளிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிடுவார். மூடியைப் போட்டு ஓரத்தை ஈரத்துணியால் அடைப்பார். அப்புறம் தணலைத் தகரத்தால் அள்ளி மூடியின் மேல் பரப்புவார், நடுவில் குறைவாக, ஓரத்தில் கூட. அவ்வளவுதான், தம் போட்டாயிற்று. சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுகிறவர்கள் 'சோறு பூப்போல இருக்கு' என்று சமையல்காரரைப் புகழ்வார்கள். அடுப்புக்காரரின் பெயரை யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த கல்யாணச் சமையல் வீடியோக்களில் தணல் பரப்பும் காட்சி ஒன்றுகூட முழுதாக இல்லை, மூடி திறந்து ஆவி பறக்கும் காட்சி மட்டும் எல்லாவற்றிலும் உண்டு. ஆகவே படமெடுக்கப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, இந்தச் சாப்பாடு தட்டுக்கு வரும்வரை எத்தனை பேர் கை படுகிறது என்று எழுதுங்கள். அவர்கள் ஒவ்வொருவரோடும் ஒரு தடவையாவது இருந்து பேசுங்கள், கமரா இல்லாமல்.

இதோடு ஒட்டியது ஆண் பெண் விஷயம். ஆண் சமைத்தால் செஃப், பெண் சமைத்தால் 'அம்மா கைப்பக்குவம்' என்று படம் பேர் வைத்துவிடுகிறது. 'செஃப்ஸ் டேபிள்' முதல் தொடரில் ஆறு பேர், அதில் பெண் ஒருவர்தான், லொஸ் ஏஞ்சலிஸின் நிக்கி நாகயாமா. பின்னால் தென்கொரியாவின் பௌத்தத் துறவி ஜோங் குவான், லண்டனில் பெண்களை மட்டுமே வைத்து, அதுவும் ஹோட்டல் பயிற்சி எதுவும் இல்லாத வீட்டுச் சமையல்காரிகளை வைத்து 'டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ்' நடத்தும் அஸ்மா கான் என்று அவர்கள் கொஞ்சம் திருந்தினார்கள். நமக்கு இதில் இன்னும் பொறுப்பு அதிகம். கிழக்குக் கரையில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகிறது, கல்யாணம் கட்டிய மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அக்காவும் தங்கச்சியும் ஒரே வளவில், அல்லது பக்கத்துப் பக்கத்து வளவில். அதனால் குசினியும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது, ஒரு கறியின் பக்குவம் மூன்று நான்கு தலைமுறையாக ஒரே அடுப்படியில் கிடக்கிறது. இதை விட்டுவிட்டு, ஹோட்டலில் தொப்பி போட்ட ஒருவரை நிறுத்தி, 'சின்ன வயசுல அம்மா சமைக்கிறதப் பார்த்துத்தான் ஆர்வம் வந்திச்சு' என்று ஒரு வரி சொல்லவைத்து முடித்துவிடுகிறார்கள். அந்த அம்மா பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறார். போய் அவரை எடுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. துன்பத்தை வைத்துக் கதை கட்டுவது. வெளிநாட்டு ஆவணப்படங்களில் ஒவ்வொரு செஃப்புக்கும் ஒரு வீழ்ச்சி இருக்கும், கடன், நோய், அப்பாவோடு பகை, பிறகு எழுச்சி. நாற்பத்தைந்து நிமிடத்தில் பார்க்கிறவரைப் பிடித்து வைக்க அது உதவுகிறது. நம் பிள்ளைகளுக்கு அதைத் தேடவே வேண்டியதில்லை, எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் யுத்தம் இருக்கிறது, 2004 டிசம்பர் 26 இருக்கிறது. இலங்கையில் சுனாமியில் அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில், 10,000 பேருக்கு மேல். இப்படி ஒரு கரையில் நின்றுகொண்டு, புட்டு அவித்து விற்கும் ஒரு பெண்ணிடம், ஒளி சரியாக இருக்கிறது என்பதற்காக, 'உங்கட கஷ்டப்பட்ட கதையச் சொல்லுங்க' என்று மைக்கை நீட்டக்கூடாது. அவர் அழுவார். அழுகையின்மேல் வயலின் போடுவீர்கள். மறுகா அவருடைய புட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், பாவம் என்பார்கள். அத்தனை வருடம் அவர் படித்த வேலை, மாவை எந்தப் பதத்துக்கு வறுப்பது, எவ்வளவு சூட்டுத் தண்ணீர் தெளிப்பது, இன்றைக்குத் தேங்காய் முற்றலாக இருக்கிறதே என்று எப்படிச் சரிக்கட்டுவது, எல்லாம் அந்தப் பரிதாபத்துக்குள் காணாமல் போய்விடும்.

கேள்வியை மாற்றுங்கள். 'இந்த ஆணத்துக்குப் புளி எப்ப விடுவீங்க? முதற்பால் விட முன்னமா, விட்ட பிறகா?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் பேசுவார், கையைக் காட்டிப் பேசுவார், மாமி வேறு மாதிரி விடுவா என்று சிரிப்பார், அப்படியே பேசிக்கொண்டு போகும்போது 'அந்த மாமி கடலோட போயிட்டா' என்று அவராகவே சொன்னாலும் சொல்வார். சொன்னால் கேளுங்கள். கிட்டப் போய் முகத்தை நிறைத்து எடுக்கவேண்டாம், இருந்த இடத்திலிருந்தே எடுங்கள். அதைப் படத்தில் வைக்கலாமா என்று அன்றைக்கே கேட்காதீர்கள், வீட்டாரோடு இருக்கும்போது இன்னொரு நாள் போய் வெட்டிய பகுதியைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கோபத்தையும் சம்பளத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குசினியில் கத்துகிறவரைத்தான் மேதை என்று காட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கொப்பன்ஹேகனின் நோமா உலகத்தின் சிறந்த ரெஸ்டோரன்ட் என்று பலமுறை பேரெடுத்தது, அதைப் பற்றிப் படங்கள் வந்தன, கேமராக்கள் பாசியையும் எறும்பையும் தட்டில் வைக்கும் இடுக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதன் தலைவர் ரெனே ரெட்செப்பியே 2015இல், தான் கீழே வேலை செய்கிறவர்களைக் கொடுமைப்படுத்திய ஆள்தான் என்று எழுதினார். பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022இல்தான். அடுத்த வருட ஜனவரியில், இந்த மாதிரி ரெஸ்டோரன்ட் நடத்துவது இனிக் கட்டாது என்று அறிவித்தார்கள். தட்டின் அழகு யாருடைய இலவச உழைப்பில் நின்றது என்பதைப் பத்திரிகைக்காரர்கள் கேட்ட அளவுக்குப் படமெடுத்தவர்கள் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். கோப்பை கழுவும் பொடியன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறான், தேங்காய் துருவுகிற அக்காவுக்கு நாட்சம்பளமா, கிழமைச் சம்பளமா. யாரையும் அம்பலப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு குசினி எப்படி ஓடுகிறது என்று காட்டும் படத்தில் இது இல்லாவிட்டால், குசினி ஓடுவதைக் காட்டவே இல்லை என்றுதான் ஆகும். முதலாளி இதைக் கேட்கவேண்டாம் என்றால், அந்தக் கடையை விட்டு வேறு கடையை எடுங்கள்.

சரி, அழகு. மெதுவாக ஓடும் காட்சி, கிட்டத்தில் ஒரு துளி எண்ணெய், பின்னால் விவால்டியின் மேற்கத்திய இசை. 'செஃப்ஸ் டேபிள்' தொடக்க இசையைக் கேட்டாலே நமக்குப் பசிப்பதற்குப் பதிலாக ஒருவித பக்தி வந்துவிடும், அவ்வளவு நன்றாகச் செய்தார்கள். அதை நாம் செய்யும்போது இரண்டு பொருள் தொலைகிறது, சத்தமும் நேரமும். கொத்து ரொட்டிக் கடையில் தகடு இரண்டும் தாளம் போடும் சத்தத்தை எடுத்துவிட்டு அதன்மேல் பியானோ போட்ட வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். தெருமுனையில் நிற்கிறவருக்குக் கடை திறந்துவிட்டது என்று சொல்வதே அந்தச் சத்தம்! வேறு விதமாகவும் எடுக்கலாம் என்பதற்கு ஆவணப்பட இயக்குநர் பிரெடெரிக் வைஸ்மன் 2023இல் எடுத்த படத்தைப் பாருங்கள். பிரான்சில் ட்ருவாக்ரோ குடும்பத்தின் ரெஸ்டோரன்ட், அப்பா மிஷெல், பிள்ளைகள் சேசார், லியோ. நான்கு மணிநேரம். பின்குரல் இல்லை, நேர்காணல் இல்லை, பின்னணி இசையும் இல்லை. சந்தைக்குப் போகிறார்கள், பாற்கட்டி முதிர்கிற இடத்துக்குப் போகிறார்கள், ஒரு சாஸில் உப்பு போதுமா என்று அப்பனும் மகனும் நின்று பேசுகிறார்கள். நான்கு மணிநேரம் எல்லோராலும் எடுக்கமுடியாது, எடுத்தாலும் போட இடம் கிடைக்காது, அது தெரியும். ஆனால் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வெட்டாமல் ஒரு தடவை காட்டலாம். இடியப்பம் ஒரு தட்டுப் பிழிந்து அவிந்து இறங்கும்வரை காட்டுங்கள், அது ஒன்றும் அவ்வளவு நேரம் எடுக்காது.

நேரம் என்றதும் பருவத்தையும் சொல்லவேண்டும். கல்லடிப் பாலத்துக்கு மேலே ட்ரோன் பறக்காமல் மட்டக்களப்புப் படம் எதுவும் தொடங்குவதில்லை. வாவி அழகுதான், ஆனால் அதைக் காட்டிவிட்டு நேரே தட்டில் கிடக்கிற இறாலுக்குத் தாவினால் நடுவில் என்ன நடந்தது? இறால் கடலில் முட்டையிடுகிறது, குஞ்சு வாவிக்குள் வந்து வளர்கிறது. மாரி மழைக்கு வாவி நிறைந்து முகத்துவாரம் திறப்பதோடு மீன்பாடு மாறுகிறது, கொடுவாவும் ஓராவும் சந்தைக்கு வருகிற கணக்கும் விலையும் மாறுகின்றன. பேர்போன சமையல்காரர் எவரும் இந்தக் கணக்கை வைத்துத்தான் சமைக்கிறார். அம்பாறைப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம், வட்டையில் அறுவடை முடிந்து புதுநெல்லு வருகிற நாட்களில் சோற்றுக்குத் தண்ணீர் வைக்கும் அளவே வேறு. ஒரே நாளில் போய் எடுத்துவிட்டு வந்தால் இதில் ஒன்றும் அகப்படாது. மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை போனால்கூடப் போதும்.

பழமை பேசுவதில் கவனம். 'ஆயிரம் வருடப் பாரம்பரியம்' என்று பின்குரல் ஓடும்போது திரையில் செக்கச்செவேல் என்று மிளகாய்த்தூள் போட்ட நண்டுக்கறி கொதிக்கும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். அதற்கு முன்னால் இங்கே உறைப்புக்கு மிளகும் இஞ்சியும் திப்பிலியும்தான். தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் அப்படிக் கடல் கடந்து வந்தவையே. கொத்து ரொட்டி கிழக்கில் பிறந்தது என்று நாமெல்லாம் சொல்கிறோம், எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் 'இந்தக் கடைதான் முதலில் போட்டது' என்று ஒருவரைக் காட்டி அடித்துச் சொல்லாதீர்கள், பக்கத்து ஊரில் இன்னொருவர் அதையே சொல்வார். 'என்று இவர் சொல்கிறார்' என்று போட்டால் போதும். அதேபோல ஒரு சாப்பாட்டை இது தமிழருடையது, இது முஸ்லிம்களுடையது என்று கோடு போட்டுப் பிரிக்கவும் வேண்டாம். தமிழர் ஊரான ஆரையம்பதியும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் ஒட்டிக்கிடக்கிற ஊர்கள், ஒரே சந்தை, ஒரே வாவி மீன். எங்கே வேறுபடுகிறது என்பது சுவையான விஷயம்தான், அதைச் சமைக்கிறவர்களே சொல்லட்டும்.

குரலில் கைவைக்காதீர்கள். அமெரிக்கச் சமையல்காரரும் தொலைக்காட்சிப் பிரபலமுமான அந்தோனி போர்டேன் 2018இல் இறந்தபிறகு அவரைப் பற்றி 'ரோட்ரன்னர்' என்ற படம் 2021இல் வந்தது. அவர் எழுதியதை அவரே வாசிப்பதுபோல் செயற்கை நுண்ணறிவால் குரல் செய்து சில வரிகளைச் சேர்த்திருந்தார்கள். படத்தில் அதைச் சொல்லவில்லை, இயக்குநர் பேட்டியில் சொல்லித்தான் வெளியே வந்தது, ஏமாற்றிவிட்டீர்கள் என்று பெரிய சண்டையானது. இப்போது அந்த வசதி ஃபோனிலேயே வந்துவிட்டது. நம்மவர்கள் அதை வைத்துச் செய்வது வேறு விதமான அநியாயம்: வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கிழவி தன் பேச்சில் அழகாகச் சொன்னதை அடக்கிவிட்டு, அதன்மேல் செய்தி வாசிப்பதுபோல ஒரு குரல். வெளியூர்க்காரருக்குப் புரியாதாம். புரியாவிட்டால் கீழே எழுத்துப் போடுங்கள், அவர் குரலை விடுங்கள்.

கடைசியாக, படம் வெளியான பிறகு நடப்பதைப் பற்றி. பாங்கொக் தெருவோரத்தில் நண்டு ஆம்லெட் போடும் ஜே ஃபாய் அம்மாவுக்கு மிச்செலின் நட்சத்திரம் கிடைத்ததும் வரிசை தாங்கமுடியவில்லை. வருகிறவர்கள் சாப்பிடுவதைவிடப் படமெடுக்கிறார்கள் என்று அவர் அலுத்துக்கொண்டது செய்தியாகவே வந்தது. அவருக்காவது கடை இருக்கிறது. நம் ஊரில் வீட்டிலிருந்து காலையில் ஓர்டருக்கு மட்டும் இடியப்பம் அவிக்கிற ஒருவரின் வீட்டை வரைபடத்தில் குத்திப் போட்டுவிட்டால், சனி ஞாயிறு வாசலில் வான் வந்து நிற்கும், அவரோ இருக்கிற மாவுக்கு மேலே ஒன்றும் செய்யமுடியாது, வழக்கமாக வாங்குகிற அக்கம்பக்கத்தாரையும் இழப்பார். இடத்தைப் போடலாமா, எந்த நம்பரைப் போடலாம், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குக் கொடுக்கமுடியும் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். எடுக்கிற நாளில் இறால், தேங்காய், விறகு, காஸ் எல்லாம் அவர் கணக்கில் போகிறது, அன்றைக்கு விற்பனையும் கெட்டுவிடுகிறது. அந்தக் காசைக் கமரா வெளியே எடுக்குமுன் கொடுத்துவிடுங்கள், சாப்பாட்டுக்கும் தனியாகக் கொடுங்கள். படம் முடிந்ததும் முழுப்பிரதி ஒன்றை அவர்கள் ஃபோனில் ஏற்றிக் கொடுங்கள். லிங்க் அனுப்பினால் டேட்டா போட்டுப் பார்க்கமாட்டார்கள்.